கால் நரம்பு சுருட்டு: லேசரா, ஆபரேஷனா, ஊசியா, ஸ்டாக்கிங்ஸா?

அக்கா புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டியபோதுதான் எனக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது. வலது காலின் உள்பக்கம், கணுக்கால் எலும்புக்கு நான்கு விரற்கடை மேலே, தோல் காப்பிப்பொடி நிறத்தில் கறுத்துப் போயிருந்தது. தொட்டால் பதமே இல்லாமல் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்கும் மேலே கெண்டைச் சதையில் பச்சையும் நீலமுமாக நரம்பு புடைத்து நெளிந்திருந்தது. பத்தொன்பது வருடங்களாக ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது மணிக்குத்தான் உட்காருவாள். "நின்னு நின்னு வர்றதுதானே, எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் இருக்கு" என்று எட்டு வருடங்களாக விட்டுவிட்டாள். அரிப்பு தாங்காமல் சொறிந்த இடத்தில் நீர் கசிய ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தாள்.

அடுத்த இரண்டு மாதங்களில் மூன்று இடங்களுக்குப் போனோம். முதல் இடத்தில் அக்காவைப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் ஸ்கேன் செய்துவிட்டு, இரண்டு காலுக்கும் சேர்த்து லேசர் பேக்கேஜ் என்றார்கள். இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் சலுகையாம். இரண்டாவது இடத்தில், இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவதாகப் போனது ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம். அவர் எந்த சிகிச்சையின் பெயரையும் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "இதுவரைக்கும் யாராவது உங்களை நிக்க வச்சு ஸ்கேன் பண்ணாங்களாம்மா?"

யாரும் செய்யவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் படித்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். விளம்பரங்கள் எல்லாம் "லேசரா, ஆபரேஷனா" என்றே கேட்கின்றன. உண்மையில் அது இரண்டாவது கேள்வி. எந்தச் சிரையில் கசிகிறது, தோல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

நாம் நரம்பு என்பது சிரையை

ஊசி போடும் இடத்தில்கூட "நரம்பு கிடைக்கல" என்றுதான் நம் ஊரில் சொல்வோம். அது ரத்தக்குழாய். வலியையும் தொடுதலையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு வேறு. இந்த ஒரு சொல் குழப்பத்தால், சுருட்டிய சிரைக்கு நரம்புச் சத்து மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அக்காவும் அதில் ஒருத்தி.

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. காலிலிருந்து இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போவது சிரை. காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தசைக்கு நடுவே ஆழத்தில் ஓடுபவை ஏறக்குறைய 90 சதவீத ரத்தத்தைச் சுமக்கின்றன. தோலுக்கு அடியில் ஓடுபவை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. இந்த மேலடுக்கில் முக்கியமானவை இரண்டு. உள்பக்கக் கணுக்காலில் தொடங்கி, தொடையின் உள்பக்கமாக ஏறி, கவட்டையில் ஆழச் சிரையோடு சேருவது பெரிய சஃபீனஸ். வெளிக்கணுக்காலின் பின்னால் தொடங்கி, கெண்டைக்கால் நடுவாக ஏறி, முழங்கால் மடிப்பில் சேருவது சின்ன சஃபீனஸ். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் இந்த இரண்டு பெயர்களையும்தான் தேட வேண்டும்.

ரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதைத் தள்ளுவது கெண்டைச் சதை. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் சதை சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது, திரும்பிக் கீழே விழாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை அழுத்தம் இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30-க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டுப்போன காலில், நடந்தாலும் அது சரியாக இறங்காது. நாள் முழுக்க அந்த அழுத்தத்திலேயே இருக்கும் சின்னச் சின்னக் குழாய்களிலிருந்து நீரும் ரத்த அணுக்களும் திசுவுக்குள் கசிகின்றன. ரத்த அணுக்களில் இருக்கும் இரும்புதான் தோலில் படிந்து பழுப்பாகிறது. அக்காவின் காலில் நான் பார்த்த காப்பிப்பொடி நிறம் அதுதான்.

நின்றபடி வேலை செய்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை. அம்மா அப்பாவுக்கு இருந்தால் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு கர்ப்பமும் கூடுதல் சுமை, உடல் எடையும் அப்படியே. ஆனாலும் ஜவுளிக்கடையை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. அக்கா கடையில் அப்படி ஒரு சட்டம் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இது சிரைதானா என்று முதலில் பாருங்கள்

கால் வலி எல்லாம் சிரை வலி கிடையாது. சிரைக் கோளாறில் வலி சாயங்காலம் கூடும், நின்றால் கூடும், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால் குறையும். தமனி அடைப்பில் நேர்மாறு. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைச் சதை பிடித்துக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். அடைப்பு முற்றினால் படுக்கும்போது பாதம் எரியும், கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் ஆறும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் இதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சிரைக்கு மருந்தான இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், தமனி அடைத்த காலுக்கு ஆபத்து. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் அது தடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, கையில் பார்த்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.8-க்குக் கீழே வந்தால் ஸ்டாக்கிங்ஸ் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 0.5-க்குக் கீழே என்றால் போடவே கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்டு, இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். 1.3-க்கு மேலே போனாலும் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் காத்திருக்காதீர்கள். ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவிவிடவே கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புடைத்த சிரை அடிபட்டோ சொறிந்தோ உடைந்தால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். குளியலறையில் தனியாக இருக்கும்போது இப்படி ஆனால் பயத்தில் நிற்பவர்கள்தான் அதிகம். நிற்கக் கூடாது. உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தில் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். மேலே கயிறு கட்டினால் சிரை ரத்தம் இன்னும் தேங்கி இன்னும் கொட்டும். ரத்தம் நின்ற பிறகு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நிற்க வைத்துச் செய்யும் டாப்ளர்

இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் எழுத வந்தேன். டாப்ளர் என்பது ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன். மூன்றாவது டாக்டர் அக்காவை ஒரு சின்ன மேடை மேல் நிற்க வைத்தார். இடது காலில் எடையைப் போட்டுக்கொண்டு வலது காலைத் தளர்வாக வைக்கச் சொன்னார். தொடையின் உள்பக்கம் ஜெல் தடவிக் கருவியை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கெண்டைச் சதையை ஒரு பிழி பிழிந்து விட்டார். திரையில் நீலம் ஒரு கணம் மேலே ஓடியது. கையை விட்டதும் சிவப்பு கீழே இறங்கியது. கருவியிலிருந்து "உஷ்ஷ்" என்று நீளமாக ஒரு சத்தம். நல்ல வால்வு என்றால் அந்தச் சத்தம் உடனே அறுந்துவிட வேண்டும். மேலடுக்குச் சிரையில் ரத்தம் அரை வினாடிக்கு மேல் பின்னால் ஓடினால் வால்வு கெட்டது என்று கணக்கு. அக்காவுக்கு இரண்டு வினாடிக்கு மேலே போனது. அதே சோதனையை இடது காலில் செய்தார். "உஷ்" என்று சின்னதாக வந்து நின்றுவிட்டது. இடது காலில் புடைத்திருந்தவை சில கிளைச் சிரைகள் மட்டும்தான், சஃபீனஸ் நன்றாக இருந்தது.

முதல் இடத்தில் அந்தக் காலுக்கும் சேர்த்துத்தான் லேசர் பேக்கேஜ் போட்டிருந்தார்கள். படுத்திருக்கும்போது புவியீர்ப்பு இழுக்காது, பின்னோட்டம் சரியாகத் தெரியாது. படுக்க வைத்து மட்டும் எடுத்த ஸ்கேனை நம்பி நல்ல சிரையைச் சுட்டுவிடக் கூடாது. ஆழச் சிரை திறந்திருக்கிறதா என்பதையும் இதே ஸ்கேனில் பார்க்க வேண்டும். பழைய ரத்த உறைவால் ஆழச் சிரை அடைத்திருந்தால், மேலே புடைத்திருக்கும் சிரைதான் மாற்றுப் பாதையாக வேலை செய்துகொண்டிருக்கும். அதை மூடினால் கால் இன்னும் வீங்கும்.

தோலின் நிலைக்கும் ஒரு கணக்கு உண்டு. 0 முதல் 6 வரை படிகள். 1 என்றால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். 2 என்றால் 3 மி.மீ.-க்கு மேல் புடைத்த சிரை. 3 வீக்கம். 4 தோல் கறுப்பதும் இறுகுவதும் கரப்பான் போல வருவதும். 5 ஆறிய புண். 6 ஆறாத புண். அக்கா 4-இல் இருந்தாள். டாக்டர் சொன்னதில் எனக்கு மறக்காதது: "3 வரைக்கும் நீங்க யோசிக்கலாம். 4 வந்துட்டா நான் உங்களை யோசிக்க விடமாட்டேன்."

ஸ்டாக்கிங்ஸ்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

மலிவான வழி இதுதான், யாரையும் கத்தி வைக்கச் சொல்லாத வழியும் இதுதான். வீக்கமும் கனமும் வலியும் நிச்சயமாகக் குறையும். கர்ப்பிணிகளுக்கு இதுவே முதல் தேர்வு. கர்ப்பத்தில் வந்த புடைப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தணிந்துவிடும், அதற்குள் அவசரப்பட்டு எதுவும் செய்யக் கூடாது. ஆறாத புண் இருப்பவர்களுக்கு அழுத்தக் கட்டு இல்லாமல் சிகிச்சையே இல்லை.

ஆனால் கெட்ட வால்வை ஸ்டாக்கிங்ஸ் சரி செய்யாது. கழற்றினால் பழைய கதைதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல், சிரையை மூடும் சிகிச்சை ஒருவருக்குப் பொருந்தாது என்றால் மட்டுமே ஸ்டாக்கிங்ஸை சிகிச்சையாகத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் பலருக்கு அதுவே முதலும் முடிவுமாக இருக்கிறது. நம் வெயிலைப் பற்றியும் பேச வேண்டும். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத இடத்தில் பத்து மணி நேரம் தொடை வரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டு நிற்பது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. வாங்கி இரண்டு வாரம் போட்டுவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். முழங்கால் வரைக்கும் உள்ளது பெரும்பாலானவர்களுக்குப் போதும். தொடை வரை உள்ளதைவிட அதைத்தான் தொடர்ந்து போடுவார்கள்.

வாங்கும்போது பெட்டியில் "கிளாஸ் 2" என்று இருப்பதைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ஜெர்மன் அளவில் கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32 மி.மீ. பாதரசம். பிரிட்டிஷ் அளவில் 18 முதல் 24. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணைப் பாருங்கள். காலையில் வீக்கம் ஏறுமுன், கணுக்காலையும் கெண்டைச் சதையையும் டேப் வைத்து அளந்து அந்த அளவுக்கு வாங்க வேண்டும். போடுவதும் காலையில், கட்டிலை விட்டு இறங்குமுன். விரல் திறந்த வகை என்றால் பாதத்தில் முதலில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு அதன் மேல் ஏற்றினால் சுலபமாக ஏறும், பிறகு கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம். தினமும் துவைத்துப் போட்டால் நான்கைந்து மாதத்தில் இழுவை போய்விடும். புதிது வாங்கியே ஆக வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். ஐந்து வருட ஸ்டாக்கிங்ஸ் செலவைக் கூட்டிப் பார்த்தால் அது அவ்வளவு மலிவாக இருக்காது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி. டயோஸ்மின் வகை மாத்திரை கனத்தையும் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். புடைத்த சிரை எந்த மாத்திரையாலும் மறையாது. எந்தத் தைலத்தாலும் மறையாது.

ஃபோம் ஊசி

பாலிடோகனால் போன்ற மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு. இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே ஒரு திருகுக் குழாய் வைத்து முன்னும் பின்னும் இருபது முறை தள்ளினால் ஷேவிங் கிரீம் மாதிரி நுரை வரும். டெஸ்ஸாரி என்ற இத்தாலிய டாக்டரின் முறை இது. அந்த நுரையை ஸ்கேன் பார்த்தபடி சிரைக்குள் செலுத்துவார்கள். உட்சுவர் எரிந்து ஒட்டிக்கொள்ளும். மயக்க ஊசி வேண்டாம், அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம், செலவு குறைவு.

கிளைச் சிரைகளுக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் புடைப்புகளுக்கும், மயக்கம் தாங்காத வயதானவர்களின் புண்ணுக்கும் இது அருமையான வழி. பெரிய சஃபீனஸுக்கு மலிவான லேசர் என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுத்தால்தான் தப்பு. பிரிட்டனில் 798 பேரை மூன்றாகப் பிரித்து ஃபோம், லேசர், ஆபரேஷன் மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஐந்து வருட முடிவு 2019-இல் வந்தது. லேசரும் ஆபரேஷனும் செய்துகொண்டவர்களின் கால் சார்ந்த வாழ்க்கைத் தரம் ஃபோம் போட்டவர்களைவிட நன்றாக இருந்தது. ஃபோம் போட்ட சிரை மறுபடி திறந்துகொள்வது அதிகம், திரும்பத் திரும்ப ஊசி வேண்டியிருக்கும். தோலில் பழுப்புக் கோடு பல மாதம் நிற்கும். சிலருக்குச் சில நிமிடம் கண் மங்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

லேசரும் ரேடியோ அலைச் சூடும்

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முழங்காலுக்கு அருகே ஊசித்துளை வழியாக மெல்லிய கம்பியைச் சிரைக்குள் கவட்டை வரை ஏற்றி, சூட்டால் சிரையை உள்ளிருந்தே சுருக்கி மூடிவிட்டு வெளியே எடுப்பார்கள். ரேடியோ அலையில் 7 செ.மீ. துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி, 120 டிகிரி. தொடையில் ஆறேழு முறை செய்தால் முடிந்தது. லேசரில் கம்பியை மெதுவாக இழுத்துக்கொண்டே வருவார்கள். முன்பு 810, 980 நானோமீட்டர் லேசர்களில் தொடை கன்றிப்போய் வலி இருந்தது. இப்போது வரும் 1470 நானோமீட்டர், நுனியில் சுற்றிலும் ஒளி பரப்பும் கம்பியில் அந்த வலி குறைவு. இந்த இரண்டுக்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் டாக்டர் எதில் கைப்பழக்கம் உள்ளவரோ அதையே செய்துகொள்ளுங்கள்.

உண்மையான வலி எங்கே என்றால், சூட்டுக்கு முன்னால் சிரையைச் சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீரை ஏற்றும்போதுதான். தொடை நெடுக ஏழெட்டுக் குத்து. அந்த நீர்தான் சுற்றியுள்ள நரம்பையும் தோலையும் சூட்டிலிருந்து காக்கிறது. அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம், நடக்கத்தான் சொல்வார்கள். சில நாளில் வேலைக்குத் திரும்பலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிரை மூடியே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வரை சூடு வைத்தால் பாதத்தின் உள்பக்கம் மரத்துப்போக வாய்ப்பு உண்டு, அங்கே உணர்வு நரம்பு சிரையை ஒட்டியே ஓடுகிறது. அரிதாக ஆழச் சிரையில் உறைவு வரலாம். ஒரு வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் டாக்டரை நம்புங்கள்.

பணம் அதிகம் போவது அந்தக் கம்பிக்குத்தான். லேசர் கம்பியும் ரேடியோ அலைக் கம்பியும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. ஒரு இடத்தில் விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், "புது கம்பிதானே, சீல் பிரிக்கிறதைக் காட்டுங்க, பில்லில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அடுத்தவர் ரத்தத்தில் போய் வந்த கம்பி நம் காலுக்குள் போகக் கூடாது.

இதே குடும்பத்தில் பசை வைத்து ஒட்டும் முறையும் இருக்கிறது. சயனோஅக்ரிலேட் பசையைச் சிரைக்குள் சொட்டுச் சொட்டாக வைத்து அழுத்தி மூடுவார்கள். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. சுற்றிலும் குத்தும் ஊசிகள் கிடையாது, பிறகு ஸ்டாக்கிங்ஸும் கட்டாயமில்லை. வசதிதான். ஆனால் பசை உடம்பிலேயே தங்கிவிடும். சிலருக்குச் சில நாள் கழித்துத் தொடையில் சிவந்து வலிக்கும் ஒவ்வாமை வருகிறது. விலையும் மற்றவற்றைவிடக் கூடுதல். ஊசியைக் கண்டாலே நடுங்குபவருக்குச் சொல்லலாம், மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஆபரேஷன்

ட்ரெண்டலென்பர்க் என்ற ஜெர்மன் அறுவை நிபுணர் 1890-களில் சிரையைக் கட்டிவிடும் முறையைக் கொண்டுவந்தார். 1907-இல் பாப்காக் என்ற அமெரிக்கர் சிரைக்குள் கம்பி நுழைத்து உருவி எடுக்கும் கருவியைச் செய்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். கவட்டையில் சின்னதாக வெட்டி, சந்திப்பில் கட்டிவிட்டு, சிரையை முழங்கால் வரை உருவி எடுப்பார்கள். முதுகில் மயக்க ஊசி போடுவார்கள். ஒன்றிரண்டு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு வாரம் வரை ஓய்வு. தொடை கருநீலமாகக் கன்றும்.

இதை ஏதோ காலாவதியான வைத்தியம் மாதிரிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் ஆபரேஷன் லேசருக்குப் பக்கத்திலேயே நின்றது. எங்கள் தெருவில் பரோட்டாக் கடையில் கல் முன்னால் நிற்கும் மாஸ்டர் அரசு மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு ஒன்பது வருடமாகிறது, கால் நன்றாக இருக்கிறது. சிரை மிகவும் பெரிதாக, மிக வளைந்து கம்பியே ஏறாத நிலையில் இருந்தால் இதுதான் வழி. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கையில் பணமில்லை என்பதற்காக 4-ஆம் படியில் இருக்கும் காலை இன்னும் நான்கு வருடம் சாக்ஸுக்குள் ஒளித்து வைப்பதைவிட, அரசு மருத்துவமனை வரிசையில் நின்று ஆபரேஷன் செய்துகொள்வது ஆயிரம் மடங்கு மேல்.

"நரம்பையே எடுத்துட்டா ரத்தம் எப்படிப் போகும்?" அம்மா கேட்ட கேள்வி இது, எல்லா வீட்டிலும் கேட்பார்கள். அந்தச் சிரை ஏற்கெனவே ரத்தத்தைத் தப்பான பக்கம்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் ரத்தம் ஆழச் சிரை வழியாகச் சரியான பக்கம் போகும். பின்னால் இதய பைபாஸுக்குக் காலிலிருந்து சிரை வேண்டுமே என்றும் கேட்பார்கள். சுருண்டு வீங்கிய சிரை பைபாஸுக்குப் பெரும்பாலும் உதவாது, நல்லபடியாக இருக்கும் சிரையை யாரும் தொடக் கூடாது. இடது காலுக்கு லேசர் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வழியில் போனாலும் சில வருடம் கழித்து வேறொரு சிரை புடைக்கலாம். "திரும்ப வரவே வராது" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

புண் இருந்தால் கணக்கே வேறு

கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் வந்தவர்களிடம் "முதல்ல புண்ணு ஆறட்டும், அப்புறம் லேசர் பார்க்கலாம்" என்று சொல்வது வழக்கம். 2018-இல் பிரிட்டனில் 450 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு. ஒரு பாதிப் பேருக்குச் சிரையை இரண்டு வாரத்துக்குள்ளேயே மூடினார்கள், மற்றவர்களுக்குப் புண் ஆறிய பிறகு அல்லது ஆறு மாதம் கழித்து. முதல் கூட்டத்தின் நடுமட்டக் கணக்கில் 56 நாளில் புண் ஆறியது, மற்றவர்களுக்கு 82 நாள். தினக்கூலிக்காரருக்கு அந்த 26 நாள் ஒரு மாதச் சம்பளம். புண் இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் டாப்ளர் எடுத்து, கட்டும் போட்டுக்கொண்டு, சிரையையும் சேர்த்தே பார்த்துவிட வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரம் போனால் வேலையே போய்விடலாம் என்று அக்கா பயந்தாள். அதுதான் தராசைச் சாய்த்தது. வலது கால் பெரிய சஃபீனஸுக்கு ரேடியோ அலை, கெண்டைக்காலில் புடைத்திருந்த கிளைகளைச் சின்னத் துளைகள் வழியாகக் கொக்கியால் எடுத்தல். இடது காலுக்கு முழங்கால் அளவு ஸ்டாக்கிங்ஸ் மட்டும். அவளிடம் இரண்டு வாரம் இருந்திருந்தால் அரசு மருத்துவமனை ஆபரேஷனுக்குத்தான் போயிருப்போம், பணம் மிச்சமாகியிருக்கும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பல பாலிசிகளில் வெரிகோஸ் (இந்த நரம்பு சுருட்டுதான்) சிகிச்சைக்கு முதல் 24 மாதம் பணம் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், எந்த முறைக்கு அனுமதி கிடைக்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நாலாவது நாள் கடைக்குப் போனாள். நீர்க்கசிவு மூன்று வாரத்தில் நின்றது, அரிப்பு அடங்கியது. பழுப்பு நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முழுதாகப் போகாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எட்டு வருடம் முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

கடையில் சட்டத்தைப் பற்றி மேனேஜரிடம் பேசினாள். மூன்று பேருக்கு ஒரு ஸ்டூல் என்று கொடுத்திருக்கிறார்கள், முறை வைத்து உட்காருகிறார்கள். முறை இல்லாத நேரத்தில் புடவையை மடித்துக்கொண்டே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள், ஒரு வாடிக்கையாளருக்கு முப்பது முறை. பக்கத்து கவுண்டரில் இருக்கும் இரண்டு பெண்களின் காலையும் அவளே பார்த்து, ஒருத்தியை வருகிற புதன்கிழமை டாப்ளருக்கு அழைத்துப் போகிறாள்.